வகுப்பில் நீங்கள் மட்டும் எதிர்க்கட்சி: மேற்படிப்பு மாணவருக்கு ஒரு கையேடு

கருத்தரங்கு வகுப்பு முடிந்து எல்லாரும் பையை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் அன்றைய அரசியல் செய்தி ஒன்றைச் சொல்லி ஒரே வரியில் கேலி செய்கிறார். பத்துப் பேரும் சிரிக்கிறார்கள். அந்தக் கேலி எந்தப் பக்கத்தைப் பற்றியதோ அந்தப் பக்கத்துக்குத்தான் நீங்கள் சென்ற தேர்தலில் வாக்களித்தீர்கள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. மேற்படிப்பில் சிறுபான்மை அரசியல் கருத்துடையவராக இருப்பது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. யாரும் உங்களைத் தாக்கவில்லை, யாரும் உங்களிடம் எதுவும் கேட்கவுமில்லை. நீங்களும் தங்களைப் போலவே நினைப்பவர் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

என் முதல் பருவத்தில் இப்படி ஒரு மாலையில் நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது அது மிகச் சிறிய விஷயமாகத் தோன்றியது. ஓராண்டுக்குப் பின் வேறொரு விவாதத்தில் என் உண்மையான நிலைப்பாட்டைச் சொன்னபோது, அதற்குள் நெருங்கிய தோழியாகிவிட்டிருந்த சக மாணவி என் கருத்தை மறுக்கவில்லை, "அன்றைக்கு நீங்களும்தானே சிரித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். என் கருத்தால் அவர் அடைந்த வருத்தத்தைக் காட்டிலும், ஓராண்டாக நான் அவரிடம் நடித்திருக்கிறேன் என்ற எண்ணம் தந்த வருத்தமே பெரிதாக இருந்தது. அந்த நட்பைச் சீர்செய்ய எனக்கு இன்னோர் ஆண்டு பிடித்தது. இங்கே நான் எழுதுவதில் பெரும்பகுதி அந்த ஒரு கேள்வியிலிருந்து கற்றது: பேசுவதும் பேசாமலிருப்பதும் நீங்கள் யோசித்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும், அச்சமோ கோபமோ அந்த நொடியில் உங்களை முந்திக்கொண்டு முடிவெடுக்க விடக் கூடாது.

இளங்கலை வகுப்பில் இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை. அங்கே ஆள் அதிகம். ஒத்துவராதவர்களை விட்டு விலகி வேறு வட்டம் தேடிக்கொள்ளலாம். முனைவர் பட்டப் படிப்பிலோ ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் பல துறைகளில் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இருப்பதில்லை, அவர்களோடு ஆண்டுக்கணக்கில் ஒரே கருத்தரங்கு அறையிலும் ஒரே ஆய்வகத்திலும் இருந்தாக வேண்டும். பட்டம் வாங்கிய பிறகும் உறவு தொடரும்: இன்று பக்கத்து மேசையில் இருப்பவர் பின்னாளில் உங்கள் கட்டுரையை மதிப்பிடுபவராகவோ, உங்களை நேர்காணல் செய்யும் குழுவில் ஒருவராகவோ வரக்கூடும். ஆகையால் படிப்புக்காலம் முழுவதும் ஒளிந்திருக்கவும் முடியாது, முழுவதும் சண்டையிடவும் முடியாது. இடதோ வலதோ, மத நம்பிக்கை சார்ந்ததோ அதற்கு எதிரானதோ, உங்கள் கருத்து எதுவானாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

ஒரு விலக்கை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கருத்தைச் சொன்னால் காவல் துறை வாசலுக்கு வரும், உயிருக்கோ உடலுக்கோ ஊறு நேரும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கையேடு பொருந்தாது. அங்கே மௌனம் காப்பவரைக் கோழை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நான் பேசுவது, இழக்கக்கூடியது நட்பும் மதிப்பும் வாய்ப்பும் என்ற அளவில் நிற்கும் இடங்களைப் பற்றி.

உண்மையில் எத்தனை பேர் அந்தப் பக்கம்?

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்" என்ற முடிவுக்கு முதல் மாதத்திலேயே வந்துவிடாதீர்கள். பேசுகிறவர்கள் அப்படி நினைக்கிறார்கள் என்பது மட்டுமே உங்களுக்குத் தெரியும். டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடையே நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருத்தமானது. வளாகத்தின் குடிப் பழக்கம் பற்றித் தமக்கு இருக்கும் சங்கடம் மற்ற மாணவர்களுக்கு அந்த அளவு இல்லை என்றே மாணவர்கள் சராசரியாக எண்ணியிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன்னைத் தவிர மற்றவர்களெல்லாம் இயல்பாக இருப்பதாக நினைத்தால், கூட்டிப் பார்க்கும்போது கணக்கு உதைக்கிறது. அரசியலிலும் அப்படியே. பத்துப் பேரில் மூவர் உரக்கப் பேசுவார்கள், இருவர் அவர்களோடு முழுமையாக உடன்படுவார்கள், மீதி ஐவரில் சிலருக்கு அரசியலில் அக்கறையே இராது, சிலர் பாதி உடன்பட்டுப் பாதி மறுத்து, நாளைக்குத் தரவேண்டிய கட்டுரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே முதல் பருவத்தில் செய்ய வேண்டியது கவனிப்பது. ஒருவர் என்ன சொன்னார் என்பதைவிட எந்த இடத்தில் தயங்கினார், யாருடைய கேலிக்குச் சிரிக்காமல் கைப்பேசியைப் பார்த்தார், தனியாக நடந்து வரும்போது எந்தச் செய்தியை வேறு தொனியில் சொன்னார் என்பவை அதிகம் காட்டிக்கொடுக்கும். உளவு பார்ப்பது போல் தோன்றினால், புதிய ஊருக்கு வந்தவர் தெருவைப் பார்த்துவைப்பது போல என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கருத்தும் ஒற்றைக் கட்டியாக இருக்காது. பொருளாதாரத்தில் வகுப்போடு மாறுபடும் நீங்கள் கல்விக் கொள்கையில் முழுமையாக ஒத்துப்போகலாம். எவற்றில் உண்மையாகவே சிறுபான்மை என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், நினைத்ததைவிடப் பட்டியல் சிறிதாக இருப்பது வழக்கம்.

மௌனம் வேறு, தலையாட்டல் வேறு

பேசாமலிருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்த வகுப்புத் தோழருக்கும் உங்கள் வாக்குச்சீட்டைக் காட்ட நீங்கள் கடமைப்பட்டவரல்ல. ஆனால் நம்பாத ஒன்றுக்குத் தலையாட்டுவதும், சேர்ந்து சிரிப்பதும், சேர்ந்து ஒருவரை ஏசுவதும் வேறு வகை. அவை பிற்பாடு வட்டியோடு திரும்பி வரும். முதலாவது, நீங்கள் யார் என்று மற்றவர்கள் தவறாக அறிந்துகொள்கிறார்கள். பிறகு உண்மை தெரியும்போது கருத்து வேறுபாடு நம்பிக்கை மோசடியாக மாறிவிடுகிறது. இரண்டாவது, வாரத்துக்கு மூன்று முறை நடித்துக்கொண்டிருப்பவருக்கு ஆய்வு செய்யத் தெம்பு மிஞ்சுவதில்லை.

நடுவழி இருக்கிறது, அதற்குச் சில வாக்கியங்களை முன்பே வாயில் பழக்கிவைத்திருப்பது நல்லது. கேலிக்குச் சிரிக்காமல் பேச்சை வேறு பக்கம் திருப்பலாம். நேராகக் கேட்டால், "இதில் எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து உண்டு, இன்னொரு நாள் உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லலாம். "அவர்களில் சிலரை எனக்குத் தெரியும், அவர்கள் சொல்லும் காரணம் நாம் நினைப்பதிலிருந்து வேறு" என்பது என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்ட வாக்கியம். அதில் பொய்யும் இல்லை, அறைகூவலும் இல்லை, கேட்பவருக்கு ஆர்வம் இருந்தால் அடுத்த கேள்வியை அவரே கேட்பார். ஆர்வம் இல்லாதவரிடம் சொல்லி ஆவதும் ஒன்றுமில்லை.

எந்தப் பொருளில் பேசியே தீர்வது, எந்தப் பொருளில் விட்டுவிடுவது என்பதையும் முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். என் பிரிப்பு இப்படி இருந்தது: என் ஆய்வுத் துறையைத் தொடும் கூற்று தவறாக இருந்தால் பேசுவேன், அங்கே இல்லாத ஒரு மனிதரைப் பற்றிப் பொய் சொல்லப்பட்டால் பேசுவேன், துறையின் பெயரால் அறிக்கை விடப்போகிறார்கள் என்றால் பேசுவேன், மதிய உணவுவேளையில் எழும் அன்றாடச் செய்திச் சூட்டுக்குப் பேசமாட்டேன். உங்கள் கோடுகள் வேறாக இருக்கலாம். கோடு போட்டிருப்பதே முக்கியம், ஏனெனில் கோடு இல்லாதவர் மூன்று மாதம் வாய்மூடியிருந்துவிட்டு நான்காம் மாதம் ஓர் அற்ப விஷயத்துக்கு வெடிப்பார். அதன் பிறகு வகுப்பு அவரை அந்த வெடிப்பைக் கொண்டே நினைவில் வைத்துக்கொள்ளும்.

முதலாண்டில் வரவு சேர்த்தல்

எட்வின் ஹாலண்டர் என்ற உளவியலாளர் 1958இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு குழுவில் ஒருவர் தம் திறமையாலும் குழுவின் பொதுவழக்கங்களுக்கு மதிப்பளிப்பதாலும் ஒருவித வரவைச் சேர்த்துக்கொள்கிறார். பிறகு அவர் மாறுபட்டு நிற்கும்போது அந்த வரவிலிருந்து செலவாகிறது. வரவு தீர்ந்தவரைக் குழு பொறுத்துக்கொள்வதில்லை. கடைக்கணக்குப் போன்ற இந்த விளக்கம் சிலருக்குக் கசக்கலாம். எனக்கும் முதலில் கசந்தது. ஆனால் மேற்படிப்பில் வரவு சேரும் வழிகளைப் பாருங்கள்: வாசித்துவர வேண்டியதை உண்மையாகவே வாசித்துவிட்டு வருவது, சக மாணவரின் அத்தியாய வரைவைக் கேட்ட நாளுக்குள் படித்துக் குறிப்பெழுதித் தருவது, ஆய்வகக் கருவியைப் பயன்படுத்திய பின் சுத்தம் செய்துவைப்பது, ஒருவர் நோயுற்றால் அவர் வகுப்பை எடுத்துக்கொள்வது, மாநாட்டில் திணறிப்போன தோழருக்கு அன்று மாலை துணையாக நடப்பது. அரசியல் என்ற ஒன்றே உலகில் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியவைதான் இவை. உங்களை முதலில் நல்ல வாசகராகவும் நம்பத்தகுந்த கூட்டாளியாகவும் அறிந்தவர்கள், பின்னர் உங்கள் கருத்தைக் கேட்கும்போது "இவர் அப்படி நினைப்பதற்கு ஏதோ காரணம் இருக்கும்" என்று தொடங்குவார்கள். அறியாதவர்கள் உங்கள் கருத்தைக் கொண்டே உங்களை அளப்பார்கள்.

காத்திருப்பு நீண்டுவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டின் முடிவிலும் நீங்கள் யார் என்று நெருங்கிய மூன்று பேருக்குக்கூடத் தெரியாவிட்டால், வரவு சேர்ப்பது என்ற பெயரில் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள்.

கருத்தரங்கு அறையில்

கருத்தரங்கு என்பது தேநீர்க்கடை விவாதமன்று என்பது உங்களுக்குச் சாதகமான விதி. அங்கே "நான் எந்தப் பக்கம்" என்பது கேள்வியாக வருவதில்லை. "இந்த நூல் சொல்வது நிற்குமா, இந்தத் தரவு அதைத் தாங்குமா" என்பதே கேள்வி. உங்கள் மாறுபாட்டை அந்த மொழியில் சொல்ல முடிந்தால் பாதிச் சண்டை குறைந்துவிடும். "இந்தக் கட்டுரை ஒருதலைப்பட்சமானது" என்று சொன்னால் அறை இரண்டாகப் பிரியும். "இதன் ஆசிரியர் மூன்றாம் பகுதியில் எடுத்த எடுகோளை மாற்றினால் ஐந்தாம் பகுதியின் முடிவு அப்படியே வருமா?" என்று கேட்டால், உங்களோடு அரசியலில் உடன்படாதவரும் மூன்றாம் பகுதியைப் புரட்டுவார். அரசியல் கருத்து வேறு, ஆய்வுக் கூற்று வேறு. இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும்போது பிரித்துக் காட்டுவது உங்கள் வேலை. என் கருத்துக்குச் சாதகமான ஆய்வு வலுவற்றதாக இருந்தபோது நானே அதைச் சொல்லிய ஒரு நாளில்தான் என் கேள்விகளை வகுப்பு வேறு விதமாகக் கேட்கத் தொடங்கியது.

நன்னூல் எழுவகை மதங்களைச் சொல்கிறது. மதம் என்றால் அங்கே நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடு. முதல் இரண்டு, உடன்படலும் மறுத்தலும். மூன்றாவது, "பிறர்தம் மதம்மேற் கொண்டு களைவு": பிறருடைய கொள்கையை முதலில் தான் ஏற்று நின்று, பின்பு அதை நீக்குவது. சிறுபான்மையில் இருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி எனக்குத் தெரியாது. வகுப்பின் பெரும்பான்மைக் கருத்தை, அதை நம்புகிறவரே "ஆம், நான் சொல்ல நினைத்தது இதுதான், என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்" என்று ஒப்பும்படி முதலில் சொல்லிக் காட்டுங்கள். அதன் பிறகு உங்கள் ஐயத்தை வையுங்கள். இதற்கு உழைப்பு வேண்டும். ஒவ்வொரு வாரமும் கருத்தரங்குக்கு முந்தைய இரவில், நீங்கள் மறுக்கப்போகும் வாதத்தை ஐந்து வரியில் அதன் மிக வலுவான வடிவில் எழுதிப் பாருங்கள். சில வாரங்களில் எழுதி முடித்ததும் மறுக்க மனம் வராது. அதுவும் நல்ல விளைவே; உங்கள் கருத்தில் எந்தப் பகுதி வெறும் எதிர்ப்பால் நின்றுகொண்டிருந்தது என்று அப்போது தெரியும்.

"பேச்சுக்காக எதிர்வாதம் வைக்கிறேன்" என்று முகமூடி போட்டுக்கொண்டு உங்கள் சொந்தக் கருத்தைச் சொல்லாதீர்கள். முதல் முறை அது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் சார்லன் நெமெத் என்ற உளவியலாளரின் ஆய்வுகள், வேடத்துக்காக எதிர்ப்பவரைவிட உண்மையாகவே மாறுபடுகிறவர்தான் குழுவின் சிந்தனையை அதிகம் தூண்டுகிறார் என்று காட்டுகின்றன. வேடம் என்று தெரிந்தால் மற்றவர்கள் விளையாட்டாகப் பதில் சொல்வார்கள். வேடமில்லை என்று பின்னர் தெரிந்தால் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்கள்.

எப்போது பேசுவது என்பதிலும் கொஞ்சம் உத்தி இருக்கிறது. 1950களில் சாலமன் ஆஷ் நடத்திய புகழ்பெற்ற சோதனைகளில், ஒரு கோட்டுக்குச் சம நீளமுள்ள கோடு எது என்ற எளிய கேள்விக்கு முன்னால் இருந்தவர்களெல்லாம் திட்டமிட்டு ஒரே தவறான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தத் தவறையே திருப்பிச் சொன்னவை. விடையைச் சொல்லாமல் தனியே எழுதித் தரச் சொன்னபோது இந்த இணக்கம் பெரிதும் குறைந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டு. சொல்ல வேண்டியதை வகுப்புக்கு முன்பே எழுதிவிடுங்கள். வாராந்தரக் குறிப்புரை தரும் வழக்கம் இருந்தால் அதிலேயே உங்கள் மறுப்பைத் தெளிவாக வையுங்கள், ஆசிரியர் அதை வகுப்பில் எடுத்துப் பேசவும் கூடும். மற்றொன்று, பேசுவதாக முடிவெடுத்துவிட்டால் முதல் கால் மணி நேரத்தில் பேசுங்கள். எட்டுப் பேர் ஒத்துப் பேசிய பிறகு நீங்கள் சொல்வது எட்டுப் பேரையும் மறுப்பதாக ஒலிக்கும். முதலில் சொன்னால் அது விவாதத்தின் தொடக்கம் மட்டுமே. கடைசி ஐந்து நிமிடத்தில் குண்டைப் போட்டுவிட்டு எழுந்து போவதைப் போன்ற மோசமான பழக்கம் வேறில்லை.

ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு மறுப்பு போதும். எல்லாவற்றையும் மறுக்கிறவரின் எந்த மறுப்பும் காதில் விழாது. அந்த ஒன்றில் நிலையாக நில்லுங்கள். செர்ஜ் மொஸ்கோவிசியும் அவர் குழுவினரும் 1969இல் வெளியிட்ட சோதனையில், ஆறு பேர் கொண்ட குழுவில் ஆய்வாளரின் ஆட்களான இருவர் நீல நிறப் படங்களைப் பச்சை என்றார்கள். எல்லா முறையும் மாறாமல் சொன்னபோது மற்ற நால்வரின் விடைகளிலும் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் பச்சை என்று வந்தது. சில முறை மாற்றிச் சொன்னபோது அது 1.25 விழுக்காடாகச் சுருங்கியது. சிறுபான்மையின் பலம் நிலைத்தன்மையில் இருக்கிறது என்பதற்கு இதை மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு: படங்கள் உண்மையில் நீலம்தான். நிலையாக நிற்பது மற்றவர்களைத் தயங்கவைக்கும்; நீங்கள் சொல்வது சரி என்பதற்கு அது சான்றாகாது.

பேசப்படும் பொருள் உங்களுக்குக் கொள்கையாகவும் எதிரில் இருப்பவருக்கு அவருடைய சொந்த வாழ்க்கையாகவும் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். குடியேற்றச் சட்டம் உங்களுக்கு ஒரு விவாதப் பொருள், பக்கத்தில் இருப்பவருக்கு அவருடைய தாயாரின் விசா. அதற்காக உங்கள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அன்றைய தினம் குரலைத் தாழ்த்திக்கொள்வதும், வகுப்புக்குப் பின் அவரிடம் சென்று, "நான் சொன்னது உங்களை எப்படித் தொட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்" என்று பேசுவதும் உங்கள் கையில் இருக்கின்றன. இதற்கு மறுபக்கமும் உண்டு. பல நேரங்களில் அந்தச் சொந்த வாழ்க்கை உங்களுடையதாகவும், வகுப்பு அதைக் கொள்கையாகப் பேசுவதாகவும் இருக்கும். அப்போது விளக்கம் சொல்லும் பொறுப்பை ஒவ்வொரு வாரமும் சுமக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

வாட்ஸ்அப் குழுவும் கையெழுத்து இயக்கமும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அரசியல் விவாதத்தில் இறங்காதீர்கள். எழுத்தில் தொனி தெரியாது, யாரோ ஒருவர் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு முன்னும் பின்னும் இருந்தவை தெரியாது, நள்ளிரவில் எழுதிய பத்தியை அடுத்த நாள் காலை முகத்தோடு முகம் பார்த்து விளக்க முடியாது. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றால், "நேரில் பேசலாம்" என்று ஒருவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

கூட்டறிக்கைகளில் கையெழுத்துக் கேட்டு வருவார்கள். உடன்படாவிட்டால் போடாதீர்கள், காரணத்தை ஒரு வரியில் கேட்டவரிடம் மட்டும் சொல்லுங்கள். "இந்த அறிக்கையின் இரண்டாம் பத்தியோடு எனக்கு உடன்பாடில்லை" என்பது போதும். போடாதவர்களின் பட்டியல் என்று ஒன்று உருவானால், கையெழுத்துத் தன் விருப்பம் சார்ந்தது என்பதை நினைவூட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. உடன்படும் அறிக்கையில் தயங்காமல் கையெழுத்திடுங்கள். எப்போதுமே எதிர்ப்பவர் என்ற எண்ணம் அதனால் தளரும்.

துணை

ஆஷின் சோதனைக்கு ஒரு பின்தொடர்ச்சி உண்டு. அறையில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, பெரும்பான்மைக்கு இணங்கிப்போவது முன்பிருந்ததில் ஒரு சிறு பங்காகக் குறைந்தது. ஒருவர் போதும். அந்த ஒருவர் உங்களுடைய எல்லாக் கருத்துகளிலும் உடன்பட வேண்டியதில்லை. உங்களைப் பேசவிட வேண்டும் என்று நினைப்பவராக இருந்தால் போதுமானது. அவரை வேறு துறையிலும், மூத்த மாணவர்களிடையிலும், நூலகப் பணியாளர்களிடையிலும்கூடத் தேடலாம்.

முழுக்க முழுக்க உங்களைப் போலவே நினைப்பவர்களின் வட்டத்துக்குள் மட்டும் புகுந்துகொள்வது வேறு கதை. முதல் சில வாரங்கள் அது மூச்சுவிட இடம் தரும். பிறகு அந்த வட்டத்தில் பேச்சு சூடேறும். மற்ற வகுப்புத் தோழர்கள் மூடர்களாகவும் கயவர்களாகவும் தெரியத் தொடங்குவார்கள். ஒத்த கருத்துடையவர்கள் தங்களுக்குள் பேசிப் பேசி இன்னும் தீவிரமாவதை மொஸ்கோவிசியும் மரிசா சவலோனியும் பிரெஞ்சு மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் கண்டு 1969இல் எழுதினார்கள். உங்கள் வகுப்பின் பெரும்பான்மைக்கு நேர்வதும் இதுவே என்று நீங்கள் குறைபட்டுக்கொள்வீர்கள். அதே மருந்தை மாலையில் நீங்களும் குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

நான் பரிந்துரைப்பது எதிர்ப்பக்கத்தில் ஒரு நண்பர். என் ஆய்வேட்டின் மிகப் பலவீனமான அத்தியாயத்தைக் காப்பாற்றியவர், ஏறக்குறைய எந்தத் தேர்தலிலும் என்னோடு ஒரே பக்கம் வாக்களிக்காத ஒரு சக மாணவர். என்னோடு உடன்பட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்த பக்கங்களில் அவர் நாற்பது இடங்களில் கோடிட்டிருந்தார். நால்வரோ ஐவரோ சேர்ந்து படிக்கும் குழு ஒன்றை அவரோடு தொடங்க முடிந்தால், சேட்டம் ஹவுஸ் விதியை அங்கே கொண்டுவாருங்கள். லண்டனில் அந்தப் பெயருடைய ஆய்வு நிறுவனத்தில் 1927இல் வகுக்கப்பட்ட அந்த விதியின் சாரம் எளியது: இங்கே கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், ஆனால் யார் சொன்னார் என்பதை வெளியே சொல்லக் கூடாது. இந்த ஒரு ஒப்பந்தம் இருந்தால், பெரும்பான்மையினர் என்று நீங்கள் நினைத்திருந்தவர்கள்கூடத் தங்கள் தனிப்பட்ட ஐயங்களைச் சொல்வதைக் கேட்பீர்கள்.

நெறியாளரும் பரிந்துரைக் கடிதமும்

ஆய்வு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் உங்கள் பக்கமா என்று பார்க்காதீர்கள். தம்மோடு மாறுபட்ட மாணவர்களை அவர் எப்படி நடத்தியிருக்கிறார் என்று மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். "அவரோடு ஒரு முடிவில் உடன்படாதபோது என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு வரும் பதில், அவருடைய அரசியல் பேட்டிகள் அனைத்தையும்விட அதிகம் சொல்லும். ஆய்வுக் குழுவில் ஒருவரையாவது அணுகுமுறையில் வேறுபட்டவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மனம் கசந்தாலும் பரிந்துரை எழுத மற்றவர்கள் இருப்பார்கள் என்ற பாதுகாப்பும் அதில் உண்டு.

அரசியல் காரணமாக மதிப்பெண் குறைந்தது என்று ஐயம் எழுந்தால், மூன்று நாள் கழித்து அந்தத் தாளை மீண்டும் படியுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் தாளே மோசமாக இருந்திருக்கும். சிறுபான்மையில் இருப்பவருக்கு எல்லாக் குறையையும் அரசியலில் ஏற்றிவிடும் சபலம் பெரிது. மீண்டும் படித்த பிறகும் ஐயம் நீங்காவிட்டால், மதிப்பீட்டு அளவுகோலைக் கேட்டு மின்னஞ்சல் எழுதுங்கள், பதிலைப் பாதுகாத்துவையுங்கள். பேச்சில் நடந்தவற்றை அன்றே தேதி, இடம், சொன்ன சொற்கள் ஆகியவற்றோடு குறித்துவையுங்கள். பிறகு துறைத் தலைவரிடமோ, பல்கலைக்கழகத்தில் குறைகேட்கும் அலுவலர் இருந்தால் அவரிடமோ, அரசியலை விட்டுவிட்டு நடைமுறையை மட்டும் பேசுங்கள்: எந்த விதி, எந்த நாளில், எப்படி மீறப்பட்டது. "என் கருத்துக்காக என்னைப் பழிவாங்குகிறார்" என்று தொடங்கும் முறையீட்டைவிட, "இந்த அளவுகோல்படி இந்த விடைக்கு மதிப்பெண் தரப்படவில்லை" என்று தொடங்குவது தொலைவு செல்லும்.

நீங்கள் மேடையில் நிற்கும்போது

மேற்படிப்பு மாணவர் பலருக்கு இளங்கலை வகுப்புகளைக் கற்பிக்கும் பொறுப்பும் வரும். உங்கள் வகுப்பில் சொல்ல முடியாததையெல்லாம் அங்கே சொல்லித் தீர்த்துக்கொள்ளும் ஆசை எழும். மாக்ஸ் வெபர் 1917இல் மியூனிக்கில் ஆற்றிய உரையில் இதைக் கடுமையாகச் சாடினார்: கேட்பவர்கள் வாய் திறக்க முடியாமல் அமர்ந்திருக்கும் இடத்தில் ஆசிரியர் தம் அரசியலைப் பேசுவது பொறுப்பற்ற செயல் என்பது அவர் வாதம். மதிப்பெண் போடும் பேனா உங்கள் கையில் இருக்கும்போது நீங்கள் சிறுபான்மையல்லர். முடிந்தால் விடைத்தாள்களைப் பெயரை மறைத்துத் திருத்துங்கள். உங்கள் கருத்தோடு ஒத்துப்போகும் தாள்களுக்கு முதல் வாசிப்பில் எத்தனை மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருந்தீர்கள் என்று ஒரு முறை திரும்ப எண்ணிப் பார்த்தால், உங்கள் ஆசிரியர்கள் மீதான கோபம் சற்றுத் தணியலாம்.

அடுத்த ஆண்டு வருபவர்

இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் புதிய மாணவர்கள் வருவார்கள். கேலிக்குச் சிரிக்காமல் பையின் வாரை இழுத்துக்கொண்டிருக்கும் ஒருவரை நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள். அவருடைய கருத்து உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்தும் அவர் சிறுபான்மையாகலாம். மற்றவர்கள் முன்னிலையில் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள், "நீங்களும் நம்மவரா?" என்று தனியாகவும் கேட்காதீர்கள். பேருந்து நிறுத்தம் வரை சேர்ந்து நடங்கள். அவர் ஆய்வு எதைப் பற்றியது என்று கேளுங்கள். போகிற போக்கில், அன்று வகுப்பில் பேசப்பட்டதில் உங்களுக்கு உடன்பாடில்லாத ஒன்றை நீங்களே முதலில் சொல்லுங்கள். பதில் அன்றே வராது. இரண்டு மூன்று வாரம் கழித்து அவர் தம் அத்தியாய வரைவைக் கொண்டுவந்து, படித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டாலும் கேட்பார்.